வாளை எடுங்க மாப்ள

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் போன் செய்து, "உங்களுக்குப் பிடித்த வாள்சண்டைப் படங்கள், மாயாஜாலப் படங்கள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும்" என்றார். பாதி எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து எழுதிய முதல் வரி: "வாள் என்பது தமிழனின்—"

மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது: "நான் பார்த்த முதல் வாள் அட்டையில் செய்து ஜிகினா ஒட்டிய—"

இதுவும் சரிவரவில்லை. மூன்றாவது வரி இப்படி வந்தது: "ஆட்டையாம்பட்டி கௌதமனுக்கும் அவருடைய மச்சினன் பூபதிக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் ஒரு வாள்சண்டைப் படம்."

இது நின்றுவிட்டது. கட்டுரை போயிற்று, கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

(படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு கட்சியிலிருந்தும் எனக்கு போன் வரும்.)

2

கௌதமன் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். மனைவி சித்ரா. சித்ராவின் தம்பி பூபதிக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. வயது முப்பத்தாறு. பத்து வருடமாகப் பெண் தேடி, இப்போதுதான் ஒரு இடம் கூடி வந்திருக்கிறது.

கௌதமனுக்கு வாள்சண்டை சுத்தமாக இருக்க வேண்டும். இரும்பும் வியர்வையும் போதும். மந்திரவாதி தலைகாட்டினால் சேனலை மாற்றிவிடுவார். பூபதி நேரெதிர். பறக்கும் கம்பளமோ பேசும் கிளியோ இல்லாத படத்தை அவர் படமென்றே ஒப்புக்கொள்வதில்லை. "வெறுங் கத்தியப் பாக்கறதுக்கு நா கறிக்கடையில போய் நின்னுக்குவனுங்க" என்பார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி மதியம், கௌதமன் வீட்டில் இருவரும் இலைமுன் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் ஒரே வீச்சில் ஏழு மெழுகுவர்த்திகளை வெட்டினான். ஒன்றும் விழவில்லை. பிறகு வாயால் ஊதினான். ஏழும் விழுந்தன.

"அந்த வாள்ல மந்திரம் இருக்குதுங்க மாமா" என்றார் பூபதி.

"மந்திரமெல்லாம் இல்லீங்க மாப்ள. அது பழக்கம். கைப்பழக்கமுங்க" என்றார் கௌதமன்.

மந்திரமா, பழக்கமா என்று அரைமணி நேரம் போயிற்று. ரசம் ஆறியது. பூபதி பாதி இலையில் எழுந்து போனவர்தான், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

(படித்தவரையில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது. கொஞ்சம் பொறுங்கள்.)

3

இப்போது பூபதிக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர்.* மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் சித்ரா ஒருத்திதான். பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். "எங்கக்கா நிக்காத சீரு எனக்கு வேண்டாமுங்க. கல்யாணமும் வேண்டாமுங்க" என்றுவிட்டார் பூபதி. சித்ராவோ, "எங்கூட்டுக்காரரு மண்டபத்துக்குள்ள வராம நா சீரு செய்யமாட்டேன்" என்றார். கௌதமன், "மாப்ள எங்கிட்டப் பேசட்டும், வாரேன்" என்றார். மாப்ள பேசவில்லை.

நல்ல எழுத்தாளனாக இருந்தால், வெற்றிலைத் தட்டோடு நான்கு பெரியவர்களை இங்கே அனுப்பிச் சமாதானம் செய்திருப்பான். ஆனால் நான் பத்திரிகைக்கு ஒரு வாளாவது காட்டியாக வேண்டும். ஆகவே இருவரும் வாள்சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வதாக எழுதிவிட்டேன். இந்தப் பாவம் என்னுடையது.

இடம், மண்டபத்தின் பின்னால் வண்டி நிறுத்துமிடம். மேனேஜர் நவநீதகிருஷ்ணன் விதிமுறைப் பலகையை ஒருமுறை முழுதாகப் படித்தார். "வெடி, மது, சீட்டாட்டம், மூணுதானுங்க கூடாதுன்னு போட்டிருக்குது. வாளைப் பத்தி ஒண்ணுமில்லீங்க. பாத்திர வண்டி போன பொறவு போட்டுக்குங்க. அஞ்சரைக்குள்ள முடிச்சுப்போடோணும், பொண்ணூட்டு பஸ் வந்துரும்."

கௌதமனின் வாள் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. தூக்கவே ஒரு ஆள் உதவி வேண்டும். அதற்கு உறை வேண்டுமென்று தையல்காரரிடம் சொல்லியிருந்தார். பூப்போட்ட தலையணை உறை வந்தது, வாய்ப்பக்கம் மூன்று பொத்தான். பூபதியின் வாள் கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டுடியோவில் வாங்கி வந்தது. பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும்.

* இணைச்சீர்: கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம் இருக்கும், மறுமுனையை உடன்பிறந்தவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாளை வேறொருத்தி வந்தாலும் நான் உனக்கு இருக்கிறேன், நீ எனக்கு இரு என்பதுதான் அதன் சாரம். வாள்சண்டைக் கதையில் இதெல்லாம் வந்திருக்கக்கூடாது.

4

இந்த இடத்தில் எனக்கு போன் வந்தது.

"சார், நா சித்ரா பேசறனுங்க. நீங்க எழுதறது தப்புங்க."

(கதாபாத்திரம் எழுத்தாளனுக்கு போன் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்தார். என்ன செய்யச் சொல்கிறீர்கள்.)

"எதும்மா தப்பு?"

"சண்டை படத்துக்கில்லீங்க. அன்னிக்குப் பேச்சோட பேச்சா எங்கூட்டுக்காரரு என்ற தம்பியப் பாத்து, 'உனக்கென்னடா தெரியும்'னு சொல்லிப்போட்டாரு. கட்டிக்கிட்ட நாள்லருந்து வாங்க மாப்ள, போங்க மாப்ளன்னு கூப்புட்டவருங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் எலையிலருந்து எந்திரிச்சான்."

"ஒரு டாவுக்கா மூன்று வருடம்?"

"நீங்க எந்தூருங்க?"

"ஆத்தூர்."

"அதான் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் அன்பு கூடினால் டா போடுவோம். மேற்கே அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளிப்போனால் அதே டா மூன்று வருடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. இது தெரியாமல்தான் கதை எழுத வந்திருக்கிறேன்.

"நீங்களே அவரிடம் எடுத்துச் சொல்லலாமே?"

"அவருக்குச் சொன்ன ஞாபகமே இல்லீங்க. தம்பியும் வாயத் தொறக்கமாட்டான். கேட்டு வாங்கறதுக்கு மருவாதி என்ன மளிகைச் சாமானுங்களா" என்று போனை வைத்துவிட்டார்.

5

சண்டை. மாலை ஐந்து மணி. உள்ளே சித்ரா, புருசன் வரட்டும் என்று கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுமுனை ஒரு காலி மணையின்மேல் கிடக்கிறது. மணையில் இருக்க வேண்டியவர் பின்வாசலில் பச்சை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எந்த வாள்சண்டைப் படத்திலும் முதல் வசனம் ஒன்றுதான். கௌதமனுக்கு அதையே எழுதினேன்:

"எடுடா வா—"

சொல்ல மறுத்துவிட்டார். "நாளைக்கு மணையில உக்கார்ற மாப்பிள்ளைங்க. டா போட்டுப் பேசச் சொல்றீங்களே, நீங்கெல்லாம் படிச்சவருங்களா?"

சரி என்று அந்த வசனத்தைப் பூபதியிடம் கொடுத்தேன். அக்கா புருசனை அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்றார். சண்டையைத் தூக்கி ஆத்தூரில் வைத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று நவநீதகிருஷ்ணன் குறுக்கே வந்தார்.

கடைசியில் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள்.

"நீங்க எடுங்க மாமா."

"பரவால்லீங்க மாப்ள, மொதல்ல நீங்க எடுங்க."

"பெரியவிய நீங்க இருக்கறப்ப நா எப்படிங்க."

"கல்யாண மாப்ள நீங்கதானுங்க. வாளை எடுங்க மாப்ள."

பூபதியின் கட்டைவிரல் பட்டனிலேயே நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இப்ப என்னன்னு சொன்னீங்க மாமா?"

"எடுங்கன்னேன்."

"எடுங்கன்னு... எனக்குங்களா?"

"உங்களுக்குத்தானுங்க. இங்க வேற ஆரு இருக்கறாங்க?"

பூபதி அழுதார். முப்பத்தாறு வயது ஆள், நலங்கு வைத்த முகத்தோடு, கையில் விளக்கு வாளோடு நின்று அழுதார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்ததல்ல.

"மாமா, இது மனசுலருந்து வந்ததுங்களா? இல்லீன்னா வாய்ப்பழக்கமுங்களா?"

கௌதமன் மச்சினனையே பார்த்தார். பாதியில் விட்ட இலையும், டிவியும், அன்றைக்குத் தன் வாயிலிருந்து விழுந்ததும் மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஏறி வருவதை நான் பார்த்தேன். வாளின் தலையணை உறையில் அவிழ்த்து வைத்திருந்த மூன்றாவது பொத்தானைத் திரும்பப் போட்டார். வாயைத் திறந்தார்.

6

எழுத்தாளனாகக் கையில் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

பூபதி கட்சிக்கு: வாளிலிருந்து பச்சைப் புகை கிளம்பும், கிளி ஒன்று வந்து "மன்னிச்சுக்குங்க மாப்ள" என்று சொல்லும், எல்லோரும் கம்பளத்தில் பந்திக்குப் பறப்பார்கள்.

கௌதமன் கட்சிக்கு: அவர் லாரிப் பட்டையைத் தலைக்குமேல் தூக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையே அவரைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்குள் கூட்டிப்போவார்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த மனிதர் சொல்லப்போவது என் வாயால் வரக்கூடாது. நான் ஆத்தூர்க்காரன், கை தவறி ஒரு டா விழுந்துவிட்டால் இன்னும் மூன்று வருடம் போய்விடும்.

ஆகவே இந்த இடத்தை விட்டுவைக்கிறேன்:

"மாப்ள, அது ............................"

மந்திரம் என்று நிரப்பினாலும் சரி, பழக்கம் என்று நிரப்பினாலும் சரி, உங்கள் இஷ்டம். மணி ஐந்து இருபத்தெட்டு. பெண்வீட்டு பஸ் திரும்புகிற சத்தம் கேட்கிறது. உள்ளே சேலை முனையைப் பிடித்து நிற்கிற சித்ராவுக்குக் கை வலிக்கும்.

கொஞ்சம் சீக்கிரமா எழுதுங்க.