தம்பி ஊற்றிய பிரேக் ஆயில்

ஆண்டுக்கொரு நாள் எல்லோருக்கும் திறக்கும் பந்தயத் தடத்துக்குள் வண்டியை விடுமுன் அவரவர் கையாலேயே ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட வேண்டும் என்பது அங்கே விதி. கேள்விகள் பன்னிரண்டு. பதினொன்றுக்கு அவள் முந்தின வாரமே வண்டியின் அடியில் படுத்தும், சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்தும் உள்ளபடி விடையெழுதியிருந்தாள். ‘பிரேக் ஆயில் ஓராண்டுக்குள் மாற்றப்பட்டதா?’ என்ற பன்னிரண்டாவதற்கு ‘ஆம்’ என்று எழுதியது பொய்.

அவள் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று தருபவள். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கதவில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு, ஏழு மாடிக்காரர்களையும் மூச்சிரைக்கப் படியேற வைப்பாள். கறார் என்றால் அப்படியொரு கறார். அதனாலேயே தம்பி அவளுக்குச் ‘சிவப்பு அட்டை’ என்று பெயர் சூட்டியிருந்தான்.

வண்டி அவனுடையது. சிறிய சாம்பல் நிறக் கார். ஒரே ஒரு நாளாவது அதைத் தடத்தில் ஓட்டிவிட வேண்டுமென்பது அவன் தவம். முதல் ஆண்டு, “டயர் தேஞ்சிருக்குடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள். மறு ஆண்டு, “பிரேக் ஆயில் பழசு. நான் விட மாட்டேன்” என்றாள். அன்று மாலையே அவளை ஓட்டுநர் இருக்கையில் பிரேக்கை மிதிக்க உட்கார வைத்து, தான் சக்கரத்தடியில் புகுந்து, “அழுத்துக்கா… பிடி… விடு” என்று சொல்லிச் சொல்லிப் பழையதை வடித்துப் புதியதை ஊற்றினான். அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. “அடுத்த வருஷம் போடா, ஓடியா போயிடும்?” என்றாள்.

தடம் ஓடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலக மேசையில் தலை சாய்த்தவன் சாய்த்தபடியே போய்விட்டான். தூங்குகிறான் என்று நினைத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் விசிறியைக்கூட அவன் பக்கம் திருப்பி வைத்தாராம். கூற்றுவன் நாள் பார்த்தா வருகிறான்?

அவன் சட்டை, செருப்பு, கட்டில் எல்லாம் ஒவ்வொன்றாய்ப் போயின. வண்டி மட்டும் அவளிடம் வந்தது. முதல் நாள் அதன் பிரேக்கை மிதித்தபோதே, அடியிலிருந்து இன்னொரு கால் அவள் காலை மேல்நோக்கி உந்தியது. திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனை எதிர்க்கும் என்பது அவள் தொழிற்பாடம். ஆனாலும் குழாய்க்குள் கிடந்தது அவன் ஊற்றியது. உடம்பை விட்ட உயிர் எங்கே தங்கும் என்று பெரியோர் பாடிவைத்தவை அவளுக்கு மனப்பாடம். இரும்புக் குழாயில் தங்கும் என்று எவரும் பாடவில்லை. மூன்று ஆண்டுகளாய் அவள் அந்த ஆயிலை மாற்றவில்லை.

அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தது சூட்டில் கொதிக்கும். கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எல்லாம் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

தடம் திறந்த நாள் காலையில் சோதனைக் கூடாரத்தின் முன், தையற்காரரான அவள் கணவர் வண்டிக்குள் ஆடுவது அசைவது எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

“குடை, பேனா, தண்ணி பாட்டில் எல்லாம் எடுத்தாச்சு. இனிமே லூசா இருக்கறது நான் ஒருத்தன்தான். நானும் இறங்கிடறேன்.”

சோதனை செய்த தாடிக்காரர் சிரிக்கவில்லை. மிதியைக் கையால் அமுக்கினார். “கெட்டியா இருக்கு. ஆயில் எப்ப மாத்தினீங்க?”

“போன மாசம்.”

அவர் அவள் கையெழுத்தை நம்பி, கண்ணாடியில் பச்சை வில்லையை ஒட்டினார்.

வரிசையில் முன்னால் ஆறு வண்டிகள். அவள் மிதியில் காலை வைத்தாள். அடியிலிருந்து உந்தல் வந்தது. அதனோடு, செவிக்கா நெஞ்சுக்கா என்று தெரியாமல், குரலும் வந்தது. “போலாம்க்கா. இந்த வருஷமும் இல்லன்னு சொல்லிடாத.”

இருமுறை மறுத்தவள் மூன்றாம் முறையும் எப்படி மறுப்பாள்? அவன் கேட்டும் கிடைக்காமல் போன ஒரே பொருள் இது.

முன்னால் ஐந்து வண்டிகள், பிறகு நான்கு. நீண்ட நேர்த்தடத்தின் கோடியில் முதல் வளைவு தெரிந்தது. அங்கே ஆரஞ்சு மேலங்கி அணிந்த ஒரு பெண் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடுவையிலிருந்து ஏதோ குடித்தாள். மிதி தரையைத் தொட்டால் வண்டி போய் நிற்கும் இடம் அதுதான். அந்தப் பெண்ணையும் மாலையில் யாரோ வீட்டில் எதிர்பார்த்திருப்பார்கள்.

“இல்லடா,” என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்டியரிங்கை ஒடித்து வரிசையை விட்டு வெளியேறினாள். காலடியில் உந்தல் அப்படியே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கூடாரத்தில் வில்லையை உரித்து மேசையில் வைத்தாள். “பொய் சொல்லிட்டேன். ஆயில் மாத்தி மூணு வருஷமாச்சு.”

தாடிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.”

“எந்தெந்த பில்டிங்குன்னு சொல்லிடுங்க. நான் படியிலயே போயிக்கறேன்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “மூணு மணிக்குப் புது ஆளுங்களுக்கு இன்னொரு சுத்து இருக்கு. மாத்திட்டு வாங்க. முடியலன்னா வீட்டுக்குப் போங்க.”

பட்டறைக் கொட்டகையின் மெக்கானிக் தானே செய்வதாகச் சொன்னான். அவள் ஸ்பேனரையும் புது ஆயிலையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கணவர் பிரேக்கை மிதிக்க அமர்ந்தார். அவள் பின்சக்கரத்தடியில் புகுந்து, குழாய் முனையைப் புட்டிக்குள் விட்டுத் திருகைத் தளர்த்தினாள். தடதடவென்று மிதி விழுந்தது.

“ஐயோ, தையல் மிஷினா அது? காத்து உள்ள போயிடும்! ஒரே ஒரு தடவை அழுத்திப் பிடிங்க!”

“முப்பது வருஷத்துக் கால், சொன்னா கேக்குமா?”

“அழுத்துங்க… பிடிங்க… விடுங்க.”

சொன்ன பிறகே அது எவன் சொன்ன சொல் என்று உறைத்தது. தேன் நிறத்தில் அவன் ஊற்றியது கடுந்தேநீர் நிறத்தில் இறங்கியது. மூன்று சக்கரங்கள் முடிந்தன. நான்காவதில் அவள் ஸ்பேனரைப் பிடித்தபடியே இருந்தாள், திருப்பவில்லை.

“பிடிச்சிட்டிருக்கேம்மா,” என்றார் அவர்.

மிதியை விடாமலே அவர் கதவுப்பக்கம் தலையைச் சாய்த்தார்.

“இதுலதான் இருக்கானா?”

“தெரியலங்க.”

“சரி. தெரிஞ்சதும் திற. அதுவரைக்கும் பிடிச்சிட்டிருக்கேன்.”

வெளியே எஞ்சின்களின் இரைச்சல் எழுந்து அடங்கியது. அவர் கால் நடுங்கத் தொடங்கிய பிறகே அவள் திறந்தாள். கருமை சொட்டுச் சொட்டாய் வெளுத்து, கடைசியில் வெறும் தெளிவாக ஓடியது.

மூன்று மணிக்கு வரிசையில் நின்று மிதியை அழுத்தினாள். கல்லைப்போல் உறுதி. காலோ குரலோ வரவில்லை. காலையில் அவன் ‘போ’ என்றான். அவள் ‘இல்லை’ என்றாள். இப்போது கேட்பவனும் இல்லை, தடுப்பவளும் இல்லை. அந்த வெறுமை காலையில் வந்த அச்சத்தைவிடப் பெரிதாக அவளைச் சூழ்ந்தது.

“போறீங்களா, ஒதுங்கறீங்களா?” தடத்தின் வாசலில் நின்றவர் குனிந்து கேட்டார்.

“போறேன்.”

நேர்த்தடத்தில் வண்டி சீறியது. வளைவுக்கு வெகுமுன்னரே, வெட்கப்பட வேண்டிய அளவுக்கு முன்னரே, அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி வேகம் குறைந்தது.

“பிடிச்சிடுச்சுடா!” என்று கத்தினாள்.

ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் அவள் காதுக்கே திரும்பியது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.