ரெண்டாம் பாகம்

இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு முறையும் கிடையாது. முதலில் வண்டியை நிறுத்த நிழல் தேடுகிறார்கள். அப்புறம் உட்கார நாற்காலி தேடுகிறார்கள். அதற்கும் அப்புறம்தான் செத்தவன் எங்கே கிடக்கிறான் என்று எட்டிப் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு டீ வந்தாயிற்றா என்று விசாரிக்கிறார்கள்.

மகனைக் குளிப்பாட்டுவதற்காகச் சந்தில் இருந்த டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டே பாலுசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் லேசில் நம்பாத கண் அது. முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். எதிரே வருகிறவன் ஒழுங்காகத்தான் வருவான் என்று நம்பி ஒருநாளும் ஸ்டீரிங் பிடித்ததில்லை. வண்டியை விட்டு இறங்கி ஏழு வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் இறங்கவில்லை.

சந்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கிசுகிசுத்தது கேட்டது. மகன் மதன்குமாரின் சேக்காளிகள். மேட்டுப்பாளையம் ரோட்டில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் ரசாக் ஒருவன். மகனோடு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ்வேந்தன் இன்னொருவன்.

"அந்த நோட்டு எங்க கெடக்குதுன்னே தெரீலியே" என்றான் ரசாக்.

"ரூம்புலதான் இருக்கும். ரெண்டாம் பாகத்துல என்னென்ன வேணும்னு பூராத்தையும் எழுதி முடிச்சுட்டேன்னு வியாழக்கெழமைதான் சொன்னான்."

"மாசக் கடசிக்குள்ள போயிச் சேரோணுமப்பா. இப்பப் போயி அவங்கப்பன்கிட்ட எப்புடிக் கேக்கறது?"

"கேக்காம எடுத்துக்கலாமா?"

பாலுசாமியின் கையில் சொம்பு அப்படியே நின்றது.

ரெண்டாம் பாகம் என்றால் அந்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே கிடக்கும் மூன்று ஏக்கர் மானாவாரி மேட்டுக்காடு. அவருடைய அப்பன் செத்த வீட்டில், குளித்துவிட்டு வந்த ஈரம் காய்வதற்குள் அண்ணன் சென்னியப்பன் பாகப் பத்திரத்தை நீட்டினார். கிணறும் தென்னந்தோப்பும் முதல் பாகம், அண்ணனுக்கு. கல்லும் கொழிஞ்சிச் செடியும் ரெண்டாம் பாகம், தம்பிக்கு. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பாலுசாமி கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அவ்வளவு வேகமாக ஓடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அந்தக் காட்டுக்குப் பெயரே ரெண்டாம் பாகம்தான்.

அதை விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. மதனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. லேத்தில் நிற்கக் கூடாது, நீச்சலுக்குப் போகக் கூடாது, வண்டி ஓட்டவே கூடாது. கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை. தனக்குப் பிறகு அவனுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றுதான் கல்லானாலும் அதைப் பிடித்து வைத்திருந்தார்.

அதை இவன் எவனுக்கோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டானா? பட்டா தன் பேரில் இருக்கிறது, பையன் எழுதினால் செல்லாது என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் எழுத்து என்று ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் போதும், ஊரில் எதையும் செய்துவிடுவார்கள்.

சொம்பைக் குடத்தின் மேல் கவிழ்த்துவிட்டு நேராக மகனின் அறைக்குப் போனார். கட்டில். எதிரே டி.வி. அதன் கீழே, போன தீபாவளி போனஸில் வாங்கிய கேம் பெட்டி. காலையில் காபி கொண்டுபோன மனைவி முத்தாத்தாள்தான் முதலில் பார்த்தாள். தலையணையில் முகம் புதைந்து கிடந்திருக்கிறான். தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். பதினைந்து வருடம், வீட்டிலிருந்த இரவெல்லாம் அந்தக் கட்டிலின் காலடியில் பாய் போட்டுப் படுத்தவர் பாலுசாமி. போன ஐப்பசியில்தான், "எனக்கும் இருவத்தி நாலு வயசாச்சுங்கப்பா. நீங்க கூடத்துல படுங்க" என்று மகன் சொன்னான். பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

நோட்டு டி.வி.க்குப் பின்னால் இருந்தது. பிரித்து எழுத்துக் கூட்டினார். முதல் பக்கத்தில் பெரிதாக, ரெ-ண்-டா-ம் பா-க-ம். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்து. அதில் ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்குப் பிடிபட்டது. வரிக்கு வரி, 'அப்பா'. 'அப்பா'. மறுபடியும் 'அப்பா'.

நோட்டை வேட்டிக்குள் இடுப்பில் செருகி மேலே துண்டைக் கட்டிக்கொண்டார். திரும்பினால் வாசற்படியில் ரசாக்.

"என்ன தேடறே?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. மதனோட நோட்டு ஒண்ணுங்க..."

"நோட்டுமில்ல ஒண்ணுமில்ல. போயி உக்காரு."

மகனைப் பங்காளிகள் வாளித் தண்ணீரிலேயே குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கலியாணம் ஆகாத பையன், எரிப்பதில்லை, அடக்கம்தான். குழிமேட்டில் நின்று மூன்று கை மண் போடக் குனிந்தபோது நோட்டின் அட்டை வயிற்றைக் குத்தியது. மற்றவர்கள் தோளைப் பிடித்து, "அழுதுபோடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்கள். அழுகை வரவில்லை. அண்ணன் ஏமாற்றினான், சரி. லாரி முதலாளி ஏமாற்றினான், சரி. நீயுமா என்று குழியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது வாய்க்கு வெளியே வரவில்லை.

வீடு திரும்பிக் குளித்தாக வேண்டும். இடுப்பில் இருக்கும் நோட்டோடு எப்படிக் குளிப்பது? ஈரம் படாமல் வைத்துக்கொடுக்க இந்த வீட்டில் நம்பிக்கையான ஆள் மகள் கீதா ஒருத்திதான். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்தது. அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"இத முந்தானைக்குள்ள வெச்சுக்க கண்ணு. யாரு கேட்டாலும் குடுத்துராத."

குளித்துத் துவட்டிக்கொண்டு வந்தபோது பந்தலில் கூட்டம் கலைந்திருந்தது. ரசாக்கும் தமிழ்வேந்தனும் மட்டும் போகாமல் நின்றார்கள். அவர் நேரே அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"நாஞ் சுத்தி வளைக்கலீங்க. எம் பையங்கிட்ட ரெண்டாம் பாகத்த எழுதி வாங்கிப்போட்டீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுதி வாங்கறதுங்களா? அவனாத்தானுங்க மாமா ஆசப்பட்டு எழுதுனான்" என்றான் ரசாக்.

"அவன் ஆசப்பட்டா? அது யாரு சொத்துன்னு தெரியுமா? எங்கப்பன் வெச்சுட்டுப் போன மூணு ஏக்கராடா அது."

தமிழ்வேந்தன் முன்னால் வந்தான். "மாமா, நாங்க சொல்றது கேமுங்க. டி.வி.ல காரு ஓட்டறது. மொதப் பாகம் மதங்கிட்ட இருக்குது. ரெண்டாம் பாகம் சப்பான்காரன் இப்பத்தான் செய்யறான். அதுல என்ன இருக்கோணும்னு ஆடறவங்க எழுதி அனுப்பலாம்னு ஒரு இங்கிலீசு புஸ்தகத்துல போட்டிருந்துச்சு. நல்லா இருக்கறத கம்பெனிக்கு அனுப்பி வெப்பாங்களாம். மதன் தமிழ்ல எழுதுனான். நான் இங்கிலீசுல மாத்தி அனுப்பறதாப் பேச்சு."

"இத நா நம்போணுமாக்கும்."

"படிச்சுப் பாத்தாப் போச்சுங்கப்பா" என்றாள் கீதா. முந்தானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துவிட்டிருந்தாள்.

அழுது கரகரத்த குரலில் நின்றவாக்கிலேயே படித்தாள். "ரெண்டாம் பாகத்தில் என்ன வேண்டும். ஒன்று. மழை வேண்டும். வறண்ட ரோட்டில் முதல் தூறல் விழும்போதுதான் அதிகம் வழுக்க வேண்டும். நன்றாக நனைந்த பிறகு அவ்வளவு வழுக்கக் கூடாது. அப்பா சொன்னது."

பாலுசாமி துண்டைப் பிழிந்தார். அது ஏற்கெனவே பிழிந்த துண்டு.

"ரெண்டு. மேடு ஏறும்போது எஞ்சின் சத்தம் கனக்க வேண்டும். இப்போது ஒரே சத்தம்தான். அப்பா சொன்னது. மூன்று. மலை இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போக வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்க வேண்டும். அப்பா சொன்னது."

இதெல்லாம் சாயங்காலச் சோற்றுத் தட்டின் முன்னால் நடந்த பேச்சு. ஏனுங்கப்பா, டயரு தேஞ்சிருந்தா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்? ஏனுங்கப்பா, பாரம் ஏத்தியிருந்தா எத்தன தூரத்துக்கு முன்னாடியே பிரேக் அடிக்கோணும்? கேள்வி நிற்காது. கிறுக்கன், லைசென்ஸ் எடுக்க அடி போடுகிறான் என்று நினைத்துக்கொண்டே பதில் சொல்வார். போன மாதம் ஒருநாள் மட்டும் எரிச்சலில், "தெரிஞ்சு என்ன பண்ணப்போறே? நீயா ஓட்டப்போறே?" என்று கேட்டுவிட்டார். அவன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டான். மறுநாள் மறுபடியும் கேட்டான், கிளட்ச் கருகினால் என்ன வாசம் வரும் என்று.

"ஏழு" என்று கீதா பக்கத்தைத் திருப்பினாள். "இடித்தால் கார் நசுங்க வேண்டும். இப்போது எவ்வளவு இடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. இதை அப்பாவிடம் கேட்க முடியவில்லை. அப்பா ஒருநாளும் இடித்ததில்லை."

தமிழ்வேந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டான். யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை.

டீசல் தீர வேண்டும், எதிர் வெயில் கண்ணைக் கூச வேண்டும் என்று பத்து வரை போயிற்று. பதினொன்றில் கீதா நின்றுவிட்டாள்.

"படி கண்ணு."

"பதினொன்று. ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவனுக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் கையை நீட்டி ஸ்டீரிங்கைப் பிடிப்பதற்கு."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்கப்பா."

பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுத்துல என்ன வேணாலும் எழுதலாம். அதக் காட்டுங்க, பாக்கறேன்."

உள்ளேயிருந்து முத்தாத்தாள் கேட்டாள். "எழவு ஊட்ல டி.வி.யப் போடறீங்களா? சனம் என்ன பேசும்?"

"பேசறவன் பேசட்டும். கதவச் சாத்து."

ரசாக் பெட்டியை முடுக்கிச் சத்தத்தைக் குறைத்தான். கட்டிலுக்கு முன்னால் ஒரு நாற்காலிதான் இருந்தது, மதன் உட்காருவது. ரசாக் அதில் உட்காரத் தயங்கினான். "உக்காரு. நின்னுட்டா வண்டி ஓட்டுவாங்க?" என்றார் பாலுசாமி. வெளியே போய்ப் பந்தல் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அவனுக்கு இடப்பக்கமாக, கிளீனர் உட்காருகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

திரையில் சிவப்புக் கார் கிளம்பியது. பளபளவென்று ரோடு. ஓரமாய் மரம். அவர் உற்றுப் பார்த்தார்.

"மேடு ஏறுது. சத்தம் மாறவே இல்ல."

"அதத்தானுங்க மதன் ரெண்டாவதா எழுதியிருக்கறான்."

"ம்."

வளைவு வந்தது. ரசாக்குக்கு அன்று கை நிதானமில்லை. காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவன், கண்ணும் கலங்கியிருந்தது. கார் திரும்பாமல் நேரே சுவரைப் பார்த்துப் போயிற்று. பாலுசாமியின் வலக்கை தானாக நீண்டு ரசாக்கின் மணிக்கட்டைப் பிடித்தது.

கார் சுவரில் மோதியது. துள்ளிவிட்டு நின்றது. விளக்குக் கண்ணாடி கூட உடையவில்லை.

பிடித்த கையை அவர் விடவில்லை. ரசாக்கும் இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"ஒரு கீறலு இல்ல பாரு" என்றார் கடைசியில். "இது வண்டியா? பொய்யி."

கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கீதாவின் கையிலிருந்த நோட்டை வாங்கித் தமிழ்வேந்தனிடம் நீட்டினார். அவன் பிடித்த பிறகும் ஒரு நொடி தம் பக்கமே இழுத்து வைத்திருந்து, பிறகு விட்டார்.

"நாளைக்கே அனுப்பீருவேனுங்க மாமா" என்றான் அவன்.

"அனுப்பு, அனுப்பு. சப்பான்காரன் வேலவெட்டிய உட்டுப்போட்டு இதப் படிக்கப் போறானாக்கும். எவன் கேட்டு எவன் குடுத்தான்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பந்தல்காரன் ஒருவன் ஓடிவந்து, "ஒரு சேரு கொறையுதுங்களே" என்றான். "உள்ள கெடக்குது. அது இருக்கட்டும், நாளைக்கு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சந்தில் டிரம் பக்கம் திரும்புகிறபோது உள்ளேயிருந்து அந்த எஞ்சின் மெதுவாக, ஒரே மாதிரியாக உறுமிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓட்டலீன்னா நிறுத்துங்கடா. சும்மா எதுக்கு டீசலு கருகுது" என்று சத்தம் போட்டுவிட்டு, காலையில் குடத்தின் மேல் கவிழ்த்துவிட்டுப் போன சொம்பை நிமிர்த்தி வைத்தார். அப்படியே பின்பக்கம் நடந்து போனார்.