ரசத்தில் விழுந்த இலை

ஆணுறை போடும் விதத்தைக் காட்ட ஜெயலட்சுமி பையில் வைத்திருந்த தேக்குக் கட்டை, எதிரே யாராவது பொய் சொன்னால் ஓர் இலை விடும். டெல்லி எல்லையில் லாரிகள் நிற்கும் மைதானத்தில் எச்.ஐ.வி. பற்றி எடுத்துச் சொல்வது அவள் வேலை. வீட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று ஒரு டிரைவர் மார்தட்டியபோது முதல் இலை வந்தது. தக்காளி கிலோ எண்பது விற்ற மாதம் அது. தேக்கில் கறிவேப்பிலை எப்படி முளைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இலை வந்தால் அந்த ஆளைத் தனியே கூப்பிட்டு, திட்டாமல், கையில் ஆணுறையைக் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாள். ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் முன்னால் முதலில் தன் விரலைத்தான் நீட்டுவாள். இப்படிப் பலபேர் பிழைத்துக்கொண்டார்கள்.

அவள் கணவர் மாணிக்கவாசகம் மத்திய அரசு உத்தியோகத்தில் குவாஹாட்டிக்கு மாற்றலாகிப் போய், இரண்டு வருஷம் கழித்து டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார். பிரிந்திருந்து வருகிற கணவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், இருவரும் பரிசோதித்துக்கொள்ளும்வரை ஆணுறை போடச் சொல்லுங்கள் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொன்ன வாய் அவளுடையது. கட்டிலுக்கடியில் இலவச ஆணுறை அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. ரசத்துக்குத் தாளிக்கும்போது மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"என்ன ஜெயா, என்னையும் லாரி டிரைவர் கணக்குல சேத்துட்டியா? உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று சிரித்தார்.

மேடையில் கிடந்த பையிலிருந்து ஓர் இலை எட்டிப் பார்த்தது, பச்சைப்பசேலென்று. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர் கண்ணில் படுமுன் கிள்ளி எண்ணெயில் போட்டாள். ரசம் மணக்கிறது என்று மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அட்டைப்பெட்டியை யாரும் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து மைதானத்தில் வழக்கம்போல் முதலில் தன் விரலை நீட்டினாள். தொற்று உண்டு என்று இரண்டு கோடு விழுந்தது. அவருக்கும் அப்படியே. குவாஹாட்டியில், என்று ஆரம்பித்தவர் முடிக்கமுடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். தப்பு அவருடையதுதான், சந்தேகமில்லை. வருத்தம் என்னவோ இவளைத்தான் பிடுங்கித் தின்றது. கட்டையைப் பற்றி அன்றுதான் அவரிடம் சொன்னாள்.

"அன்னிக்கே இலை விட்டுச்சுங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ரசத்துல போட்டேன்."

மாத்திரையைத் தினமும் விடாமல் போட்டால் ஆயுசுக்குக் குறைவில்லை என்றார் டாக்டர். இருவரும் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறார்கள். பழைய கட்டையைத் தொட்டியில் நட்டாள். பால்கனி முழுக்கத் தழைத்து, துணி காய வெயிலில்லாமல் போனதுதான் ஒரே குறை. மேல்வீட்டு வசுமதி தாளிக்க ஒரு கொத்து கேட்டு வருவாள். எது கேட்டாலும் கொடுக்கிற ஜெயலட்சுமி, அதை மட்டும் தரமாட்டாள். கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வாள்.