வள்ளி அடித்த மூன்று பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி வள்ளி படிக்கும் பல்கலைக்கழகத்தின் படிவம். அதில் கையெழுத்துப் போட்டால், ஓவியமும் நர்சிங்கும் சேர்ந்த அவளுடைய ஐந்து வருடப் படிப்பிலிருந்து ஓவியம் கழன்றுவிடும். நர்சிங் மட்டும் மிஞ்சும். அதை அச்செடுத்து, அவள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவன் நான்.

நான் யார் என்றால், டெக்சஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிப்பவன். சனி ஞாயிறுகளில் தமிழில் சிறுகதை எழுதுபவன். புதிதாக யாரையாவது பார்த்தால் இரண்டாவதைத்தான் முதலில் சொல்லிக்கொள்வேன். கலையில்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை என்று உருகி நான் எழுதிய கட்டுரை ஒன்றுகூட அச்சில் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவன்தான் அந்தப் படிவத்தை...

சரி, புரிந்திருக்கும்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"டெக்சஸ் வெயிலில் காய்ந்துபோன புல்வெளியைப் பார்த்தபடி இனியன் தன் மனைவியின் தோளில் கை வைத்தான். 'உனக்கு எது பிடிக்கிறதோ அதையே நீ"

வாக்கியம் முடியவில்லை. பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த வள்ளி சிரித்த சிரிப்பில், என்ன ஆயிற்றோ என்று எங்கள் மகள் தீக்ஷா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

"இனியனா? உங்களுக்கா?"

"கதைன்னா பேரு மாத்தணும்ல."

"பேர மாத்துங்க, பரவால்ல. ஆளையே மாத்திட்டீங்களே!"

ஆகவே என் பெயர் நெடுஞ்செழியன் என்றே இருக்கட்டும். வரைவையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். ஓரங்களில் அவள் பென்சிலால் எழுதியவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

வள்ளிக்கு நாற்பத்தொரு வயது. ஊர் கோபிச்செட்டிபாளையம். விசா காரணமாகப் பதினோரு வருடம் வீட்டில் இருந்தாள். (வீட்ல இருந்தான்னா சும்மா இருந்தான்னு படிப்பாங்க. மாத்துங்க.) பதினோரு வருடம் வேலைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. அந்த வருடங்களில் தெருப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து வீட்டு அனந்தராமன் அங்கிளுக்குக் கீமோ நடந்தபோது, வாரா வாரம் அவரைக் காரில் கூட்டிப்போய், முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து கூட்டிவந்தாள். கிரீன் கார்டு வந்த வாரமே, இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க எங்காவது இடம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. இவளை 'மிஸ் வள்ளி' என்று கூப்பிடுகிறார்கள்.

3

நர்சிங்கில் மருந்தளவுக் கணக்கு என்று ஒரு தேர்வு உண்டு. இத்தனை கிலோ எடையுள்ளவருக்கு எத்தனை மில்லிகிராம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது மாதிரி. தொண்ணூறு எடுத்தால்தான் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு தருவார்கள். வள்ளி முதல் முறை எண்பத்தாறு, அடுத்த முறை எண்பத்தெட்டு. மூன்றாவதும் போனால் நர்சிங்கை விட்டே வெளியேற வேண்டும். ஓவியத்தை விட்டால் கணக்குக்கு நேரம் கிடைக்கும் என்பது என் கணக்கு.

தேர்வு வியாழக்கிழமை. செவ்வாய் மாலை ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து வந்தவள், கணக்கு நோட்டைத் தொடவே இல்லை. சாப்பாட்டு மேசையில் கெட்டித் தாள்களைப் பரப்பிக்கொண்டு படம் வரைய ஆரம்பித்தாள். ஒரு டம்ளர். ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு ஜன்னல்.

படிக்கும்படி நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

(பொய். என்ன சொன்னீங்களோ அத எழுதுங்க.)

"எக்ஸாமுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. படம் வரைஞ்சு என்ன ஆகப் போகுது?" அதுதான் நான் சொன்னது. சொன்ன கையோடு படிவத்தையும் வைத்தேன்.

வள்ளி நிமிரவில்லை. டம்ளருக்குள் தண்ணீரை நிழலாகத் தீட்டிக்கொண்டே பேசினாள்.

"ஒருத்தங்களுக்கு ஸ்ட்ரோக்ல பேச்சு போயிடுச்சுங்க. காலைல இருந்து ஏதோ கேட்டுட்டே இருந்தாங்க. கைய இப்படி இப்படிக் காட்டறாங்க. எங்க யாருக்கும் புரியல. அங்க இருக்கற படச் சீட்டு பூரா காட்டிப் பாத்தாச்சு. அவங்க கேக்கறது அதுல இல்ல. கெளம்பறப்போ அழுதுட்டாங்க. நாளைக்கும் எனக்கு அங்கதான் டியூட்டி."

[இந்த இடத்தில் என் மன ஓட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என்னை நானே திட்டிக்கொள்வதுபோல் தொடங்கி, என்னைப் பாராட்டிக்கொண்டு முடிந்தது. எடுத்துவிட்டேன்.]

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கத்தரிக்கோல் எங்க?" என்றேன்.

அவள் வரைந்தாள், நான் அட்டை அட்டையாக வெட்டினேன். தீக்ஷா எதிரில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறந்துகொண்டாள். "அம்மா, தௌசண்ட் எம்.எல்., எய்ட் அவர்ஸ், ஃபிஃப்டீன் டிராப்ஸ் பெர் எம்.எல். ஹவ் மெனி டிராப்ஸ் எ மினிட்?"

வள்ளி பூனையின் வாலை வளைத்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தொண்ணு."

"கரெக்ட். நெக்ஸ்ட்."

செருப்பு, சீப்பு, பூனை, போர்வை, சிலுவை, குழந்தை. நாற்பது படங்கள். வரையும்போது அவளுக்கு ஒரு கணக்கும் தப்பவில்லை. கதைக்காகச் சொல்வதுபோல் தோன்றும். (கதைக்காகத்தான். ரெண்டு தப்பாச்சு. தீக்ஷாவக் கேளுங்க.) இரண்டு தப்பின.

4

புதன்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். நாலரை மணிக்கு கராஜ் கதவு ஏறும் சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் அவள் உள்ளே வராததால் போய்ப் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"படம் உதவுச்சா?"

"ம். காட்டினாங்க."

"எத?"

தலையை ஆட்டினாள். "அதச் சொல்லக் கூடாதுங்க. அது அவங்களோடது."

அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. தமிழில் 'அவங்க' என்று ஒரு சொல் இருப்பது நர்சிங் படிக்கிறவளுக்கு எவ்வளவு வசதி, கதை எழுதுகிறவனுக்கு எவ்வளவு தொல்லை!

தெரியாததை எழுதிப் பழகியவன்தானே நான். மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் அவர் ஜன்னலைத் தொட்டார். திரையை விலக்கினதும் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. இரண்டாவதில் பூனை; வீட்டில் சோறு வைக்க ஆளில்லாமல் தனியே கிடக்கும் கிழட்டுப் பூனை. மூன்றாவதில் செருப்பு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். மூன்றாவதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

வள்ளி மூன்றையும் படித்தாள். மூன்றின் குறுக்கேயும் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள்.

"மூணுமே இல்லையா?"

"இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. எழுதறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? அவங்கள எனக்குத் தெரியவே தெரியாதே."

"அதத்தான் சொல்றேன்."

கண்டதைக் காட்டு என்கிறது அவள் படிக்கும் ஒரு படிப்பு. கண்டதை உனக்குள்ளேயே வை என்கிறது இன்னொன்று. இரண்டையும் அவள் எப்படி ஒன்றாகச் சுமக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதலாவதை மட்டும் படித்தவன். அதையும் அரைகுறையாக. (இது நல்லா இருக்கு. விட்டுடுங்க.)

5

வியாழக்கிழமை தொண்ணூற்று நான்கு. பல்கலைக்கழக வாசலிலிருந்தே கூப்பிட்டாள். முதலில் நம்பரைச் சொன்னாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கையெழுத்து இல்லை.

"இத உங்க ஆபீஸ்ல ஷ்ரெட் பண்ணிடுங்க."

"சாரி வள்ளி."

"ம்." அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குக் காப்பியை என் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தாள்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தினால் என் மன்னிப்போடு முடியும், எனக்கு நல்லதுதான். ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்கு என் மன்னிப்பு வேண்டியதில்லை. அந்தப் பேச்சிழந்தவர் நாற்பது படங்களில் எதைத் தொட்டார் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். எனக்கும்தான்.

கடைசியாக நேற்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சிங்க்கில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முடிவுக்கு என்னதான் எழுதட்டும்?"

யோசித்தாள். "அவங்க கேட்டது கெடைச்சுதுன்னு எழுதுங்க."

"கெடைச்சுதா?"

"எழுதுங்கன்னுதான் சொன்னேன்."

எழுதிவிட்டேன். அவர் கேட்டது கிடைத்தது.

இந்த வரியை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் நம்புகிறேன். இதைச் சொல்லும்போது வள்ளியின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன். அதை இங்கே வர்ணித்து ஒரு வரி எழுதி, அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.