பேச்சில்லாமல் இறங்கிய பீரோ

மூன்றாம் மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கீழே பிடிப்பவன் பின்பக்கமாகவே இறங்குகிறான், முதுகில் கண்ணா இருக்கிறது? மேலே பிடிப்பவன்தான் அவனுக்குக் கண். நெட்டையனும் குட்டையனும் ஊரில் பாதி வீட்டுச் சாமான்களை இப்படித்தான் ஏற்றி இறக்கியவர்கள். நெட்டையன் குட்டையனின் தங்கையைக் கட்டியவன் வேறு.

அன்று இருவரும் ஊமைகளாக இறங்கினார்கள்.

எல்லாம் டிவி செய்த வேலை. போன வாரம் குட்டையன் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோட்டுப் போட்ட ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்: போர் முடியும்வரை தலைவரைக் குறை சொல்கிறவன் எதிரியின் கைக்கூலி. குட்டையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப நம்ம பையனுக்குக் கிழிஞ்ச பூட்ஸ் குடுத்து அனுப்பினாங்களே, அதை யாரு கேக்கறது?"

பையன் என்றது நெட்டையனின் ஒரே மகனை. போர்முனையில் இருக்கிறான். நெட்டையன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"என் புள்ள உசுரோட விளையாடாதீங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அந்த ஒரு வீட்டை விட்டால் குட்டையனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு நாதியில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், கீழ்ப்பக்கம் பிடித்திருந்த நெட்டையன் சுவரோரம் வராமல் கைப்பிடிப் பக்கம் சாய்ந்தான். அங்கே ஒரு படி பாதி பெயர்ந்து கிடந்தது. குட்டையன் பல்லைக் கடித்தான். சொன்னால் அதுவும் ஒரு குறையாகிவிடும். போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"மாப்ளே, நில்லு. தப்பா போற. சுவத்தோட வா."

"சும்மா புடிங்க. எனக்குத் தெரியும்."

"தெரியாது. உன் காலுக்குக் கீழ படி இல்ல."

நெட்டையன் காலால் துழாவினான். வெறும் காற்று. வெடுக்கென்று சுவரோடு ஒட்டிக்கொண்டான். பீரோவைச் சாய்த்து நிறுத்திவிட்டு இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"சுமை கையில இருக்கறப்பவா குறை சொல்லுவாங்க?" என்று நெட்டையன் முகத்தைத் துடைத்தான். கோபமா கிண்டலா என்று குட்டையனுக்குப் பிடிபடவில்லை.

"எறக்கி வச்ச பிறகு சொல்லலாம்தான். கேக்கறதுக்கு நீ இருக்கணும்ல."

நெட்டையன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குரல் இறங்கியது.

"உங்க மேல கோபமில்ல மச்சான். பயம். அவர் எல்லாம் சரியாத்தான் செய்யறார்னு நம்பினாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

"பயம் எனக்கும்தான் இருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

"அந்த டிவிக்காரன் என்னமோ அப்படிச் சொல்றானே."

"அவன் என்னிக்காவது பீரோ எறக்கியிருக்கானா?"

நெட்டையன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை, மூக்கு வழியே வெளியே வந்துவிட்டது.

"உங்க தங்கச்சி ஒரு வாரமா உப்பில்லாம ஆக்கிப் போடறா. சாயங்காலம் வந்து சேருங்க. ஆனா தலைவரை நீங்க பேசினது எனக்கு இன்னும் ஒப்பல."

"ஒப்ப வேணாம். சோத்தைப் போட்டுட்டுச் சண்டை போடு."

பீரோ மறுபடி எழும்பியது. குட்டையனுக்கு அதன் கனம் பாதியாய்க் குறைந்தது போலிருந்தது. கீழ்த்தளம் வரை அவன் வாய் ஓயவில்லை. நெட்டையனும் ஒவ்வொரு சொல்லுக்கும் "ம்" கொட்டியபடி இறங்கினான்.