நவ்ரீன் சொன்ன பேர்

நின்றுகொண்டிருந்த டிரெய்லரின் மேலிருந்து நவ்ரீன் விழுந்தாள். ஐந்து வயது. பின்மண்டை தார் ரோட்டில் பட்டது. அழுதாள், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் அவள் அப்பா, டிரெய்லர் டிரைவர் ரஷீதுக்குப் பிடிக்கவில்லை. மூத்தவள் ஆஃபியாவும் அப்படித்தான். விழுந்தாள், அழுகையை நிறுத்தினாள், தூங்கினாள், எழவில்லை. நவ்ரீன் பிறப்பதற்கு முந்திய கதை அது. அன்று யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இந்த முறை கிரீஸ் கையோடு ஆட்டோ பிடித்தான். அவன் மனைவி சாபிரா வழியெல்லாம் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "தூங்காதடி. கண்ணத் தொற."

ராயபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நர்மதா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"அடி தலைல மேடம். கைல இன்னாத்துக்கு ரத்தம்?" என்றான் ரஷீது.

"மூளையில அடி இருந்தா அங்க இருக்கிற சில புரதம் ரத்தத்துல கசியும். கசியலைன்னா ஸ்கேன் தேவைப்படாது. சின்னப் பிள்ளைக்கு அந்தக் கதிர் படாம இருந்தா நல்லதுதானே."

"டேங்க் ஓட்டைன்னா ரோட்ல டீசல் தெரியுமே, அப்டியா?"

"கிட்டத்தட்ட. நீங்க போய் அந்தக் கையக் கழுவிட்டு வாங்க முதல்ல."

ரஷீது திரும்பி வந்தபோது நர்மதாவின் முகம் மாறியிருந்தது.

"பேர் கேட்டேன். ஆஃபியான்னு சொல்றா. சீட்டுல வேற பேர் இருக்கு."

ரஷீது பிள்ளையிடம் போனான். குனிந்தான். "பாப்பா, உம் பேரு இன்னா?"

பிள்ளை அவனைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. "நவ்ரீன்."

"அப்ப ஆஃபியா யாரு?" என்றார் நர்மதா.

"மூத்தது. செத்துப்போச்சு. இவ அத்தப் பாத்ததே இல்ல."

சாபிரா பிள்ளையின் கவுனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மண் போன பிறகும் தட்டினாள்.

ரத்த முடிவு வந்தது. புரதம் எதுவும் கூடவில்லை. நர்மதா அதை இரண்டு தடவை படித்தார்.

"ரத்தம் நல்லா இருக்கு. ஆனா பேரையே மாத்தி மாத்திச் சொல்றா. அத விட முடியாது. ஸ்கேன் எடுத்துடலாம். அசையாம இருக்க மருந்து குடுத்துத் தூங்க வைப்போம்."

"தூங்க வெக்காதீங்க!" சாபிரா பிள்ளையை வாரி எடுத்தாள். "அவளுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் அப்டிக் கூப்புடுறேன்."

நர்மதா ஸ்கேன் சீட்டு எழுதுவதை நிறுத்தினார்.

"அவரு லோடு ஏத்திக்கினு போனா ஆஃபியா. வந்தா நவ்ரீன். அவளுக்குப் பழகிப்போச்சு."

"எப்போலேர்ந்து?" என்றான் ரஷீது.

"பால் குடிக்கிறப்போலேர்ந்து."

"நான் இல்லாதப்ப என் வூட்ல நவ்ரீன் எங்கடி கீறா?"

சாபிரா பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். நர்மதா பிள்ளையைத் தரையில் நேர்க்கோட்டில் நடக்கவிட்டார், விரல்களை எண்ணச் சொன்னார், கண்ணை மறுபடி பார்த்தார். பிறகு ஸ்கேன் சீட்டைக் கிழித்தார். வாந்தி, தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

வாசலில் நின்று ரஷீது லாரி ஓனருக்குப் போன் போட்டான். "மாமு, லோடுக்கு வேற ஆளப் போட்டுக்க. நான் வூட்லதான் இருப்பேன்." அந்தப் பக்கம் ஓனர் கத்தினார். "எவ்ளோ நாளா? தெர்ல."

ஆட்டோவில் நவ்ரீன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஊசி போட்ட இடத்துப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் யோசித்தபடி வந்தாள்.

"அத்தா, நீ வூட்லயே இருந்தா ஆஃபியா எங்க போவா?"