இறக்கை, ஜெயிச்ச பிறகு

மூன்று தேர்தலில் எங்கள் தெருவுக்குப் புடவை வந்தது, குடம் வந்தது, சுவர்க் கடிகாரமும் வந்தது. சாக்கடை மட்டும் அடைத்தது அடைத்தபடியே கிடந்தது. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் என் மோட்டார் ரிப்பேர் கடைக்குள் புகுந்து, நான் மாங்குமாங்கென்று செப்புக் கம்பி சுற்றிக் கட்டிய மோட்டார் காயில்களையெல்லாம் நாசமாக்கிவிடும். இன்னொரு மழையைக் கடை தாங்காது. அதனால்தான் இந்த முறை என் அண்ணியையே கவுன்சிலருக்கு நிற்க வைத்தேன்.

எதிரே நின்றவர் மரக்கடைக்காரர், பலே கில்லாடி. போன முறை கடிகாரத்தை வாங்கிக்கொண்டு அவரைத் தோற்கடித்தவர்கள் நாங்கள். சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார், இறக்கை இல்லாமல்!

"இறக்கை, நான் ஜெயிச்ச பிறகு" என்றார்.

என் கடைப் பரணில் பழைய இறக்கைகள் குவிந்து கிடந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணி, எல்லாருக்கும் சும்மா மாட்டி விட்டுடறேன். அப்புறம் அவர் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

"அதுவும் லஞ்சம்தாண்டி. கூலி வாங்கிட்டு மாட்டு."

பிழைக்கத் தெரியாத அண்ணி! கூலி வாங்கியே மாட்டினேன். கடைப் படியில் உட்கார இடமில்லை. என் வீட்டுக்காரர் தன் கையால் சிமெண்ட் குழைத்துப் போட்ட அகலமான படி அது. ஜனங்கள் ஃபேனைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஓட்டுப்போடும் நாளன்று வெயில் கொளுத்தியது. வாக்குச்சாவடியில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தால், அடப்பாவிகளா, எங்களுக்கு விழ வேண்டிய ஓட்டு மொத்தமும் ஃபேன் முன்னால் குறட்டை விடுகிறது! இறக்கை கிடைக்கட்டும் என்றாவது எழுந்து வந்திருப்பார்கள். அதையும் நானே மாட்டித் தொலைத்து, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கதவைத் தட்டினால், "நீ போக்கா, இதோ வரேன்" என்று படுத்தபடியே பதில்.

அழுகையை அடக்கிக்கொண்டு சாவடிக்குத் திரும்பினேன். அப்போது தெருக் கம்பத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், ஃபேன் எல்லாம் நின்றுபோயின. அத்தனை ஃபேனையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் கம்பிதான் என்ன செய்யும்? ஆனால் கோளாறு என் இறக்கையில்தான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ஃபேனும் கையுமாகக் கடைக்கு ஓடி, பூட்டைப் பார்த்துவிட்டு, சாவடிக்கே வந்துவிட்டார்கள்.

"எடு கூலியை! ஒரு நாள் ஓடிச்சா இது?"

நான் சட்டென்று வரிசைக் கம்பிக்குள் புகுந்துகொண்டேன். போலீஸ்காரர் லத்தியை நீட்டினார். "சண்டைன்னா வெளியே. ஓட்டுன்னா வரிசை."

என்னைச் சும்மா விட மனசில்லாமல் வரிசையில் நின்றார்கள். அடையாள அட்டை எடுக்க வீட்டுக்கு ஓடியவர்கள், இடம் போகாமல் இருக்கத் தங்கள் ஃபேனை வரிசையில் வைத்துவிட்டு ஓடினார்கள். ஆளும் ஃபேனுமாக வரிசை வாசலைத் தாண்டியது!

பின்னால் நின்ற பால்காரம்மா என் காதில் சொன்னாள்: "திட்டறது உன்னைத்தான். ஓட்டு உன் அண்ணிக்கு. பாதி ஃபேன் குடுத்தவன் பாதி சாக்கடைதானே அள்ளுவான்?"

அண்ணி ஜெயித்தாள். நான் தெருவில் ஆடாத ஆட்டம் இல்லை.

பதவியேற்ற கையோடு அண்ணி கடப்பாரை ஆட்களுடன் என் கடைக்குத்தான் வந்தாள். ஒரு நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தாள்.

"அடைப்பு உன் படிக்கு அடியிலதான். உன் வீட்டுக்காரர் சாக்கடை மேலேயே கட்டியிருக்கார். உடைக்கணும்."

"அண்ணி! உங்களை ஜெயிக்க வச்சதே நான். இந்தப் படியை மட்டும் விட்டுடக் கூடாதா?"

"ஓகோ. உனக்கும் இறக்கை, நான் ஜெயிச்ச பிறகா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. கடப்பாரையைப் பிடுங்கி, "வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று முதல் போடு நானே போட்டேன்.